ஆட்டுக் கிடையில் ஒரு பையன்: ஒரு போனுக்குப் பிறகு எத்தனை அலுவலகம் நகர வேண்டும்?

(திரையில்: அறுவடை முடிந்த வயல், தாள் மட்டும் நிற்கிறது. தூரத்தில் ஆட்டு மந்தை.)

வணக்கம். சம்பா அறுவடை முடிந்தபின், உளுந்து பயறு போடாத வயல்களைத் தேடி ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து ஆட்டு மந்தைகள் டெல்டாவுக்கு வரும். பகலில் மேய்ச்சல், ராத்திரி வயலிலேயே மந்தையை அடைத்துப் போடுவார்கள், அதுதான் கிடை. வயலுக்கு எரு கிடைக்கிறது, கிடைக்காரருக்குக் கூலி கிடைக்கிறது. இது காலங்காலமாக நடக்கிற ஏற்பாடு, அதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த மந்தைக்குப் பின்னால் கம்பை வைத்துக்கொண்டு நடக்கிற பையன் யார் வீட்டுப் பிள்ளை என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். இது கற்பனைதான், ஆனால் இங்கே செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குப் புதிதாக இருக்காது. ஒரத்தநாடு பக்கத்துக் கிராமம். அப்பா விவசாயக் கூலி. மழையில் வீடு சரிந்ததற்கோ, வைத்தியச் செலவுக்கோ ஒருவரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். கடன் கழியும்வரை மூத்த பையன் ஆடு மேய்ப்பான் என்று பேச்சு. பையனுக்கு வயது 13. இப்போது அவன் இருப்பது திருத்துறைப்பூண்டி பக்கம் ஏதோ ஒரு வயலில்.

(திரையில்: டெல்டா வரைபடம். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு புள்ளி, திருவாரூர் மாவட்டத்தில் ஒரு புள்ளி.)

முதலில் யாருக்குத் தெரிய வரும்? பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்கு. வருகைப் பதிவு இப்போது பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் செயலியில் ஏறுகிறது, அதனால் தொடர்ந்து வராத பிள்ளை கணக்கில் தெரிந்துவிடும். வகுப்பாசிரியர் வீட்டுக்கு ஆள் அனுப்புவார். "மாமா வீட்டுக்குப் போயிருக்கான் சார்" என்று பதில் வரும். அந்தப் பதிலோடு விஷயம் முடிந்துபோவதும் உண்டு. ஆசிரியரைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. அடுத்து யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாரும் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சொல்ல வேண்டிய இடம் 1098, குழந்தைகளுக்கான உதவி எண். 1996-ல் மும்பையில் தொடங்கிய இந்த இலவச எண் பல வருடம் தொண்டு நிறுவனங்கள் மூலம் இயங்கியது. 2023 முதல் அரசே நடத்துகிறது, 112 அவசர எண்ணோடும் இணைத்திருக்கிறார்கள். ராத்திரி பகல் எந்த நேரமும் பேசலாம். ஆசிரியர் மட்டுமில்லை, கிடை போட்டிருக்கும் வயலுக்குப் பக்கத்து வயல்காரரும் பேசலாம், டீக்கடைக்காரரும் பேசலாம். கையில் ஆதாரம் இருக்க வேண்டியதில்லை.

ஒரு யோசனை. கிடை ஒரே இடத்தில் நிற்காது. இன்றைக்கு ஒரு வயல், சில நாளில் வேறு ஊர். அதனால் "திருத்துறைப்பூண்டி பக்கம்" என்று மட்டும் சொன்னால் போகிறவர்கள் ரோட்டில் நின்று தேட வேண்டியதுதான். எந்த வாய்க்கால், எந்தக் கோயிலுக்குப் பின்னால், யார் வயல் என்று சொல்லுங்கள்.

சரி, போன் போய்விட்டது. அப்புறம் என்ன நடக்கும்?

(திரையில்: மாவட்ட ஆட்சியர் அலுவலகம். வாசலில் பல துறைகளின் ஜீப்புகள்.)

1098-ல் வந்த தகவல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும். மாவட்டத்துக்கு ஒன்று உண்டு. இந்த ஏற்பாட்டில் மற்ற துறைகளுக்கெல்லாம் போன் போட்டுச் சேர்க்கிற வேலை இவர்களுடையது. பையன் கொத்தடிமையாக இருக்கிறான் என்று சந்தேகம் வந்தால் வருவாய்த் துறை வேண்டும்: பையன் இருக்கிற பகுதிக்கு மன்னார்குடி கோட்டாட்சியர், கூடவே வட்டாட்சியர், வி.ஏ.ஓ. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வேலையில் இருந்தால் தொழிலாளர் துறையும் வேண்டும். வழக்குப் பதிய காவல் துறை. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நல அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம், ஏ.எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாதவர்.

இவர்கள் தனித்தனியாகப் போனால் என்ன ஆகும்? காவல் துறை மட்டும் போனால் ஆளைப் பிடிப்பார்கள், பையனை அப்பாவிடம் ஒப்படைப்பார்கள். கடன் அப்படியே இருக்கும், அடுத்த பங்குனிக்குப் பையன் திரும்பக் கிடைக்கு வந்துவிடுவான். தொழிலாளர் துறை மட்டும் போனால் குழந்தைத் தொழிலாளர் வழக்கு வரும், கொத்தடிமை என்ற விஷயம் எழுத்திலேயே வராது. கோட்டாட்சியர் விசாரித்து விடுவிப்புச் சான்று கொடுத்தால்தான் பையனுக்கு மறுவாழ்வு உதவிக்கு வழி திறக்கும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லிருந்து இருக்கிறது. அதன்படி அப்பா வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியதே இல்லை, கடன் செல்லாது. இந்த ஒரு வரியை அந்த அப்பாவிடம் யாராவது உட்கார்ந்து பொறுமையாகச் சொல்ல வேண்டும். மீட்பு நடந்த அன்று இரவு அவர் பயப்படுவது போலீசுக்கு இல்லை, பணம் கொடுத்தவருக்கு.

வயலில் முதல் கேள்வி வயதுதான். "பதினெட்டு ஆச்சுங்க, ஆள்தான் சின்னதா தெரியறான்" என்பார் கிடைக்காரர். வயதுக்குச் சட்டம் முதலில் கேட்பது பள்ளிச் சான்றை. அது இல்லையென்றால் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஒரத்தநாடு தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வயலில் நிற்கிற அதிகாரிக்கு அப்போதே தெளிவு கிடைக்கும், சான்றளித்த நகல் பின்னால் வரட்டும். அவர் போனை எடுக்கவில்லை என்றால் பேச்சு இழுத்துக்கொண்டே போகும்.

(திரையில்: ஒரு கடிகாரம். 24 மணி நேரம் ஓடுகிறது.)

மீட்ட நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் பையனைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது. இந்தக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம், ஏனென்றால் பலர் இதை ஒரு ஆலோசனைக் கூட்டம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், அவர்களில் குறைந்தது ஒருவர் பெண். 2015 சிறார் நீதிச் சட்டப்படி இவர்களுக்கு மாஜிஸ்திரேட் அதிகாரம் உண்டு. பையன் எங்கே தங்க வேண்டும், யாரோடு போக வேண்டும் என்று முடிவு செய்வது இந்தக் குழு. காவல் ஆய்வாளரோ வட்டாட்சியரோ, பையனின் சொந்த மாமாவோகூட அதை முடிவு செய்ய முடியாது. குழு கூடாத நாளாக இருந்தால் ஒரு உறுப்பினர் முன் நிறுத்தினாலும் போதும். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை" என்பது பையனைக் காவல் நிலையத்தில் படுக்க வைக்கக் காரணம் ஆகாது.

குழு உத்தரவு போட்டால், அலகைச் சேர்ந்த சமூகப் பணியாளர் பையனின் ஊருக்குப் போய் விசாரிப்பார். வீட்டில் யார் இருக்கிறார்கள், கடன் எவ்வளவு, தங்கைகள் படிக்கிறார்களா என்று பார்த்து எழுதுவதுதான் சமூக விசாரணை அறிக்கை. அதற்கு 15 நாள். என்னைக் கேட்டால் மொத்தக் கோப்பிலும் முக்கியமான காகிதம் இதுதான். நன்றாக எழுதிய அறிக்கையில் அப்பாவின் குடிப்பழக்கமும் இருக்கும், அம்மாவின் நூறு நாள் வேலை அட்டையும் இருக்கும். அவசரத்தில் எழுதியதில் "குடும்பம் ஏழ்மையானது, பையனை ஒப்படைக்கலாம்" என்று இரண்டு வரி.

ஒப்படைக்கலாம்தான். காப்பகம் என்பது கடைசி வழி என்று சட்டமே சொல்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா அரசுக் காப்பகம் திறந்தது, போக இடமே இல்லாத பிள்ளைகள் இருந்த நேரம் அது. நம் பையனுக்கு வீடு இருக்கிறது, வீட்டில் பணம்தான் இல்லை. அதற்கு மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு, கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று கொடுப்பது வட்டாட்சியர். ஆக, பையனை மீட்கப் போன அதே துறையின் கையில்தான் அவன் வீட்டில் நிலைப்பதற்கான காகிதமும் இருக்கிறது. அவர் கிடைக்குப் போனவர் இல்லை, வேறு மாவட்டத்து வட்டாட்சியர். அவருக்கு இது இன்னொரு விண்ணப்பம், அவ்வளவுதான்.

இங்கேதான் பிரச்சினை. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தன் வேலை தெரியும். ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகும்போதுதான் பிள்ளை தவறிப்போகிறது. டெல்டாவுக்கு இது புதிதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். கீற்றுக் கொட்டகைக்கு யார் பொறுப்பு, அங்கீகாரத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு வர பத்து வருடம் ஆனது.

(திரையில்: அனைத்து மகளிர் காவல் நிலையப் பலகை.)

குழந்தைத் திருமணம் என்றால் வழி கொஞ்சம் மாறும். மாவட்ட சமூக நல அலுவலர்தான் தமிழ்நாட்டில் தடுப்பு அலுவலர், தேவைப்பட்டால் நீதிமன்றத் தடையாணை வாங்கலாம். மண்டபத்தில் நிறுத்திவிட்டு வந்துவிட்டால் போதாது, பெண்ணைக் குழு முன் கொண்டுபோகவும் வேண்டும். இல்லையென்றால் அடுத்த வாரம் வேறு கோயிலில் தாலி ஏறும்.

பாலியல் குற்றம் என்றால் 2012 போக்சோ சட்டம். சந்தேகம் வந்தாலே சொல்லியாக வேண்டும், மறைத்தால் குற்றம். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிப்பதும் அந்த மறைப்பில்தான் சேரும். காவல் துறை 24 மணி நேரத்துக்குள் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் தர வேண்டும். வாக்குமூலம் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். வழக்கு முடியும்வரை கூடவே இருக்க ஒரு ஆதரவு நபரைக் குழு நியமிக்கலாம். இவ்வளவும் எதற்கு? நடந்ததைக் குழந்தை ஆசிரியரிடம் ஒருமுறை, ஆய்வாளரிடம் ஒருமுறை, டாக்டரிடம் ஒருமுறை, குழுவிடம் ஒருமுறை என்று சொல்லிக்கொண்டே இருக்கக் கூடாது. ஆதரவு நபர் ஒழுங்காக இருந்தால், "இதை ஏற்கெனவே எழுதியாச்சு மேடம், காப்பி இருக்கு" என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்கிறது.

ஒரு வார்த்தை, நம்மைப் போல் கேமரா வைத்திருப்பவர்களுக்கு. மீட்பு நடந்த மறுநாள் அதிகாரிகள் வரிசையாக நிற்க, நடுவில் முகம் மங்கலாக்கிய பையன் படம் வரும். கீழே ஊர்ப் பெயர், தெரு, அப்பா தொழில். முகத்தை மட்டும் மறைத்து என்ன பயன்? அடையாளம் தெரியும்படி வெளியிட்டால் ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சிறார் நீதிச் சட்டம்.

(திரையில்: மீண்டும் வரைபடம். இப்போது மூன்று புள்ளிகள்.)

சரி, நம் பையனுக்கு வருவோம். மீட்டது திருவாரூர் மாவட்டத்தில், வீடு தஞ்சாவூர் மாவட்டத்தில், கிடைக்காரர் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில். திருவாரூர்க் குழு கோப்பைத் தஞ்சாவூர்க் குழுவுக்கு மாற்றும். வழக்கு திருவாரூர்ப் பக்கம் நடக்கும். அவன் பள்ளியில் சேர்ந்து, வகுப்பில் பின்தங்கியதைப் பிடித்து, எல்லாம் மறந்திருக்கும் நேரத்தில் சாட்சி சொல்லச் சம்மன் வரும். சம்மனைக் கொண்டுவந்து கொடுப்பது போலீஸ். அன்றைக்கு அப்பாவின் கூலி போகும், இரண்டு பேருக்கு பஸ் செலவு, நீதிமன்ற வாசலில் கிடைக்காரர் எதிரே நிற்பார். தஞ்சாவூர் அலகிலிருந்து ஒருவர் முதல்நாளே பேசி, கூடவே பஸ் ஏறினால் பையன் சாட்சி சொல்வான். அந்தத் தேதி அவர்களுக்குத் தெரிய வேண்டுமானால், திருவாரூரில் இருக்கிற யாராவது ஒருவர் போன் போட வேண்டும்.