மதிப்பெண் கட்டளையாக மாறும்போது

நேயர்களுக்கு வணக்கம். பொறியியல் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ எலெக்ட்ரானிக்ஸ் படித்த பலருக்கு 8085 கிட் நினைவிருக்கும். ஒரு சர்க்யூட் பலகை, எண் சாவிகள், சின்னத் திரை. 8085 என்பது இன்டெல் நிறுவனம் 1976-இல் கொண்டுவந்த பிராசஸர், அதாவது கட்டளைகளைச் செய்துமுடிக்கும் சில்லு. கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று யார் கேட்டாலும் நான் அதிலிருந்துதான் தொடங்குவேன். அதில் எதுவும் மறைவாக நடப்பதில்லை. ஒவ்வொரு கட்டளையையும் நம் விரலால் தட்டித்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.

8085-இலிருந்து மெமரிக்கு 16 முகவரிக் கம்பிகள் போகின்றன. ஒவ்வொன்றிலும் மின்சாரம் இருக்கும், அல்லது இருக்காது. அதனால் மொத்தம் 65,536 முகவரிகள். ஒவ்வொரு முகவரியிலும் 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண் இருக்கும். அங்கே எண்ணைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

சரி, ஏ ரெஜிஸ்டருக்குள், அதாவது பிராசஸருக்குள்ளேயே ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும் சிறு இடத்துக்குள், 5 என்ற எண்ணைக் கொண்டுவர வேண்டும். 3ஈ, 05 என்று தட்டலாம். கிட்டில் முகவரிகளையும் கட்டளைகளையும் ஹெக்ஸ் முறையில், அதாவது பதினாறின் அடிப்படையில் தட்டுவோம். 9-க்கு மேல் ஏ முதல் எஃப் வரை எழுத்துகள் வரும். 3ஈ என்றால் "அடுத்து வரும் எண்ணையே எடுத்துக்கொள்" என்று பொருள். அந்த 5 மெமரியில் 4200-ஆம் முகவரியில் இருந்தால் 3ஏ, 00, 42 என்று தட்ட வேண்டும். முகவரியின் பின்பாதி முன்னால் வருவதைக் கவனியுங்கள். இன்டெல் வழக்கம் அது. மூன்றாவது வழி 7ஈ. எச், எல் என்ற இரண்டு ரெஜிஸ்டர்களில் முகவரி ஏற்கெனவே இருக்கிறது, அங்கே போய் எடு என்பது அதன் பொருள்.

ஒரே வேலைக்கு ஏன் மூன்று வழி? கட்டளையைப் படிக்கக் கடிகாரத்தின் 4 துடிப்பு ஆகும். அதன்பின் ஒவ்வொரு முறை மெமரியைத் தொடும்போதும் 3 துடிப்பு. 3ஏ-க்கு முகவரியைப் படிக்க இரண்டு முறை, எண்ணை எடுக்க ஒரு முறை, ஆக 13. மற்ற இரண்டுக்கும் 7 போதும். நூறு எண்களைக் கூட்டும்போது 7ஈ வகைக் கட்டளையின் அருமை தெரியும். எச்-எல்லில் உள்ள முகவரியை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் போதும், கட்டளையை மாற்ற வேண்டாம்.

என்னை இன்றும் வியக்க வைப்பது வேறொன்று. 3ஈ என்பது ஹெக்ஸ் எண். நாம் எண்ணுகிற வழக்கப்படி அது 62. மெமரியில் கிடக்கும் 62 ஒரு மாணவரின் மதிப்பெண்ணா, கட்டளையா? பார்த்துச் சொல்லவே முடியாது. அடுத்து எந்த முகவரியிலிருந்து கட்டளையை எடுக்க வேண்டும் என்பதை வைத்திருப்பது புரோகிராம் கவுன்ட்டர். கட்டளையை எடுக்கும் நேரத்தில் அது அந்த முகவரியைக் காட்டினால் அது கட்டளை. அவ்வளவுதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். புரோகிராம் 4100-இல் தொடங்குகிறது. அது முடிந்ததும் அடுத்த முகவரியிலிருந்து ஐந்து மதிப்பெண்கள்: 62, 71, 50, 0, 65. அந்த சைபர் தேர்வுக்கு வராத மாணவருடையது. புரோகிராமின் கடைசியில் ஹெக்ஸ் 76, அதாவது "நில்" என்ற கட்டளையை வைக்க மறந்துவிட்டோம். பிராசஸர் நிற்காது, மதிப்பெண்களுக்குள் இறங்கும். 62-ஐப் பார்த்து, அடுத்த மாணவரின் 71-ஐ ஏ-யில் ஏற்றும். 50 என்பது ஹெக்ஸில் 32. ஏ-யில் உள்ளதை, அடுத்து வரும் முகவரியில் எழுது என்ற கட்டளை. அடுத்து இருப்பவை 0, 65. 65 ஹெக்ஸில் 41. பின்பாதி முதலில் வரும் அல்லவா? முகவரி 4100. நம் புரோகிராமின் முதல் கட்டளை இருந்த இடத்தில் இப்போது 71 உட்கார்ந்திருக்கும். மறுபடி ஓட்டினால், ஓடுவது நாம் எழுதிய புரோகிராமே அல்ல.

மெமரியின் ஒரு பகுதியை "இங்கே தரவு மட்டும், கட்டளையாக எடுக்காதே" என்று குறித்துவைக்க இன்றைய பிராசஸர்களில் வழி இருக்கிறது. 8085-இல் அது கிடையாது. மதிப்பெண்களுக்கு முன்னால் அந்த 76-ஐ நாம்தான் தட்ட வேண்டும்.