மோதிரம் விழுந்த சத்தம்: டயாப்லோ 2, இருபது வருஷம் கழித்து

வணக்கம் மக்களே. மதுரை அண்ணா நகரில் எங்கள் வீட்டு மாடி ரூமில் இருந்து பேசுகிறேன். ராத்திரி ஒன்பதரை ஆகியும் வெக்கை இறங்கவில்லை. ஃபேன் சத்தம் மைக்கில் விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு டயாப்லோ 2. அரக்கர்களைக் கொன்று பொருள் சேர்க்கும் கம்ப்யூட்டர் கேம், 2000 ஜூன் 29 அன்று வந்தது. அதைப் புதுப்பித்து ‘ரிசரக்டட்’ என்ற பெயரில் 2021 செப்டம்பர் 23 அன்று விட்டார்கள். இத்தனை நாள் நான் அதைத் தொடவே இல்லை. பதினான்கு வயதில் உயிரைக் கொடுத்து ஆடிய கேம் இது. அதன் மேல் யாரோ பெயின்ட் அடித்து வைத்திருப்பார்களோ என்று பயம். இரண்டு வாரமாக ஆடிவிட்டேன், பயம் போய்விட்டது. எது அந்தப் பயத்தைப் போக்கியது என்று இப்போது காட்டுகிறேன்.

ஸ்கிரீனைப் பாருங்கள். முதல் ஆக்ட், அதாவது கதையின் முதல் பகுதி. இடம் ரோக் முகாம். நடுவில் நெருப்பு எரிகிறது, அந்த ஊதா அங்கி போட்ட அம்மாதான் அகாரா. என் ஆள் நெக்ரோமான்சர், எலும்புக்கூடுகளை எழுப்பிச் சண்டைக்கு விடும் மந்திரவாதி. இவனை இங்கிருந்து வாசல் வரைக்கும் நடக்க விடுகிறேன். நடக்கும்போதே கீபோர்டில் ஜி-யை அழுத்துகிறேன். பார்த்தீர்களா? அகலத் திரை போய் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. 800-க்கு 600 புள்ளியில் பழைய படம். அகாராவுக்கு முகமே இல்லை, ஊதாவாக ஒரு தீற்றல்தான். மறுபடி ஜி. முகம் வந்துவிட்டது, அங்கியில் மடிப்பு தெரிகிறது. ஆனால் என் ஆளின் காலைக் கவனியுங்கள். பழைய படத்தில் எந்த இடத்தில் வைத்தானோ, புதிதிலும் அதே இடம், அதே அடி. ஒரு இழை பிசகவில்லை.

காரணம், உள்ளே ஓடுவது இன்னமும் அந்தப் பழைய கேம்தான். நொடிக்கு 25 தடவை அது கணக்குப் போடுகிறது. அடி பட்டதா, தவறியதா, எதிரி எத்தனை அடி தள்ளி நிற்கிறான், பெட்டியிலிருந்து என்ன விழுகிறது, எல்லாம் அதன் தீர்ப்பு. புதிதாகச் செய்த விகேரியஸ் விஷன்ஸ் குழு அதன் மேல் முப்பரிமாண உருவங்களை வைத்து ஓட்டுகிறது. கோவிலுக்கு எதிரே புது மண்டபத்தில் தையல்காரர்கள் இருந்த காலத்தில், ஆளை நிற்க வைத்து இஞ்சி டேப் போட்டு அளவெடுத்து அங்கேயே தைத்துக் கொடுப்பார்கள். உடம்புக்குத்தான் சட்டை, சட்டைக்காக உடம்பை வெட்டுவதில்லை. இங்கேயும் அப்படித்தான். கணக்கில் கை வைத்திருந்தால் எனக்கு இது வேறு கேம் ஆகியிருக்கும்.

நான் முதலில் இதை ஆடியது சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில். மணிக்கு 20 ரூபாய். செருப்பைப் படியில் விட்டுவிட்டு ஏற வேண்டும். என் பெரியப்பா மகன், என்னைவிட நான்கு வயது மூத்த அண்ணன், அவர்தான் கூட்டிப் போனார். அவருக்கு பார்பேரியன் என்ற முரட்டு வீரன், எனக்கு நெக்ரோமான்சர். பக்கத்துப் பக்கத்து சிஸ்டம், ஒயரில் இணைத்து லேனில் ஒரே கேம். நான் எலும்புக்கூடுகளை எழுப்பிவிட்டால் குகைப் பாதையில் அவர் போக வழி இருக்காது. “டேய், உன் ஆளுங்கள ஓரமா நிக்கச் சொல்லுடா” என்று கத்துவார். கரன்ட் போனால் யூ.பி.எஸ். கீக் கீக் என்று கத்த ஆரம்பிக்கும். எட்டு பேரும் ஒரே நேரத்தில் எஸ்கேப், சேவ் அண்ட் எக்ஸிட். கரன்ட் வந்து மறுபடி உள்ளே போனால் ஊரில்தான் இருப்போம், கொன்றதெல்லாம் மறுபடி எழுந்து நிற்கும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்தக் கேமின் கதைப் படங்களை நான் அன்றைக்குப் பார்த்ததே இல்லை. காசு ஓடிக்கொண்டிருக்கும்போது யார் படம் பார்ப்பது? எஸ்கேப்பைத் தட்டிவிட்டு நேராக முகாமுக்கு வந்துவிடுவோம். புது வடிவத்தில் அந்த 27 நிமிடப் படங்களையும் காட்சிக்குக் காட்சி மறுபடி செய்திருக்கிறார்கள். இப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன். மாரியஸ் என்று ஒருவன், சிறை மாதிரி ஒரு அறையில் ஒடுங்கி உட்கார்ந்து, தான் ஒரு நாடோடியின் பின்னால் போன கதையைச் சொல்கிறான். அவன் குரல் நடுங்குவதைக் கேட்ட பிறகுதான், நாங்கள் அத்தனை நாள் யாரைத் துரத்திக்கொண்டு போனோம் என்பதே எனக்குப் புரிந்தது. அன்றைய கணக்கில் 27 நிமிடம் ஒன்பது ரூபாய். அந்த ஒன்பது ரூபாயைக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

சரி, இப்போது நான் ரொம்ப நாளாகக் காத்திருந்த இடம். இருண்ட காட்டில் ஒரு மரம், அதில் ஒரு பட்டைச் சுருள் கிடைக்கும். அகாராவிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் அதைப் படித்து, கற்களை எந்த வரிசையில் தொட வேண்டும் என்று எழுதித் தருவார். இதோ ஐந்து கற்கள். பக்கத்திலேயே ராகனிஷு என்ற எதிரி தன் குட்டிப் படையோடு சுற்றுவான். அவனை அடித்தால் மின்னல் தெறிக்கும், அதனால் எலும்புக்கூடுகளை முன்னால் விட்டுவிட்டேன். முடிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. சிவப்பு வாசல் திறக்கிறது. உள்ளே போகிறேன்.

கொஞ்சம் பேசாமல் இருக்கிறேன். அந்த கிடாரைக் கேளுங்கள்.

இது மேட் உல்மன் முதல் டயாப்லோவுக்காகப் போட்ட டிரிஸ்ட்ரம் ஊரின் இசை. முதல் கேமில் இது நாம் திரும்பி வந்து மூச்சு விடுகிற ஊர். இரண்டாவதில் வந்தால் எரிந்து கிடக்கிறது. கொல்லன் கிரிஸ்வோல்ட் பிணமாக நடந்து வந்து நம்மை அடிக்கிறான். மரக்கால் வைத்த விர்ட் பையன் செத்துக் கிடக்கிறான், தொட்டால் காசும் அந்த மரக்காலும் வரும். கிழவர் கெயின் கூண்டில் தொங்குகிறார். முதல் கேமை ஆடாத எனக்கே அன்றைக்குத் தொண்டை அடைத்தது, ஏனென்று தெரியாமல். இன்றைக்குப் பெரிய ஸ்கிரீனில் கூரை ஓலை ஓலையாக எரிகிறது, புகை தெரிகிறது. எனக்கு அதைவிட அந்த இசை அப்படியே இருப்பதுதான் பெரிசு. கெயினை இறக்கிவிட்டால் அதற்கப்புறம் நமக்குக் கிடைக்கும் பொருட்களுக்கு என்ன சக்தி என்று இலவசமாகப் பார்த்துச் சொல்வார். மறக்காமல் இறக்கிவிடுங்கள்.

மாற்றியவை கொஞ்சம்தான். காசு மேலே நடந்தாலே கைக்கு வந்துவிடுகிறது, ஒவ்வொன்றாகக் கிளிக் பண்ண வேண்டியதில்லை. நல்ல வேலை. ஊரில் பொருட்களைச் சேர்த்து வைக்கும் பெட்டியில் நம் ஆட்கள் எல்லாருக்கும் பொதுவான அறைகள் வந்திருக்கின்றன. இதன் அருமை அந்தக் காலத்தில் ஆடியவர்களுக்குத்தான் தெரியும். என் ஒரு ஆளிடம் இருக்கும் வாளை இன்னொரு ஆளுக்குக் கொடுக்க, அதை லேன் கேமில் தரையில் போட்டுவிட்டு வெளியே போய், அடுத்த ஆளை எடுத்துக்கொண்டு ஓடி வருவேன். அதுவரை அண்ணன் கேமை மூடாமல் காவல் நிற்பார். தோளில் தொங்கும் பை மட்டும் அதே பத்துக்கு நான்கு, நாற்பது கட்டம். ஒரு கவசமே ஆறு கட்டம் தின்னும். எதை வைப்பது, எதை விடுவது என்று யோசிப்பதும் இந்தக் கேமில் ஒரு ஆட்டம். அதைத் தொடாமல் விட்டதற்கு நன்றி.

ஒரு குறை எனக்கு நிஜமாகவே வலிக்கிறது. லேன் இல்லை. டிசிபி ஐபி வழியாக நேராக இரண்டு சிஸ்டத்தை இணைத்து ஆடும் வசதியைப் புதியதில் எடுத்துவிட்டார்கள். சேர்ந்து ஆட வேண்டுமென்றால் ஆளுக்கு ஒரு காப்பி வாங்கி ஆன்லைனுக்குத்தான் போக வேண்டும். இந்தக் கேமை எங்களுக்குச் சொந்தமாக்கியதே அந்த ஒரு ஒயர்தான்.

அப்புறம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அந்த அண்ணன் இப்போது திருமங்கலத்தில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்திருந்தார். அவர் ஹாலில் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்க, நான் இங்கே ஒரு குகையை முடித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது, ஸ்பீக்கரில் சத்தம். ஒரு பெட்டியை உடைத்தேன். கத்தி, கையுறை, ஏதேதோ விழுந்தது. நடுவில் மெல்லிசாக, காசு மாதிரியும் இல்லாமல், ஒரு ‘டிங்’.

ஹாலில் பேச்சு நின்றது.

“டேய், மோதிரம் விழுந்திருச்சு. எடு.”

நான் இன்னும் திரையில் அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. கையுறைக்கு அடியில் பெயர் மறைந்து கிடந்தது. ஆல்ட்டை அழுத்திப் பார்த்தால், ஆமாம், மோதிரம். நீல எழுத்து. திரும்பினால் அண்ணன் கையில் காபி டம்ளரோடு வாசலில் நிற்கிறார். “என்னடா இது, இவ்வளவு தெளிவா இருக்கு?” என்றார். நான் ஜி-யை அழுத்திக் காட்டினேன். குனிந்து பழைய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு சிஸ்டத்தில் இரண்டு பேர் ஆட முடியாது, அதனால் அவர் ஒரு குகை, நான் ஒரு குகை என்று ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் போனது. அண்ணி மூன்று தடவை போன் பண்ணிவிட்டார்.

அவர் புதிதாக ஒரு பார்பேரியன் ஆரம்பித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எட்டாவது லெவலில் நிற்கிறது, நான் தொடவில்லை. அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றிருக்கிறார். அதற்குள் நான் என் நெக்ரோமான்சரோடு இரண்டாவது ஆக்டின் பாலைவனத்துக்குப் போகிறேன், அதுதான் அடுத்த வீடியோ. கடைசியில் டூரியல் என்ற பெரிய அரக்கன் காத்திருப்பான், குளிரில் நம்மை மெதுவாக்கிவிடுவான். கூடவே ஆடுகிறவர்கள் உறைவு நீக்கும் மருந்து பத்தாவது வாங்கி பெல்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.