வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நுரையீரல் பயாப்சி ஏன்?

நேயர்களுக்கு வணக்கம்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தாரிடம் மருத்துவர் வந்து, "நுரையீரலில் ஒரு சின்னத் துண்டு வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டும்" என்கிறார். இதுதான் பயாப்சி. உள்ளே இருப்பவரோ பல நாளாக வென்டிலேட்டரில் கிடக்கிறார். இந்த நிலையில் கத்தி வைப்பதா என்று அவர்கள் பதறுகிறார்கள். அந்தப் பதற்றம் நியாயமானது. அதற்கான பதிலைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளையாகத் தெரியும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. திடீரென வரும் இந்தக் கடுமையான சுவாசச் செயலிழப்பை ஏ.ஆர்.டி.எஸ். என்கிறோம். 1967-இல் 12 நோயாளிகளை வைத்து முதன்முதலாக விவரிக்கப்பட்டது இது. 2012-இல் வந்த பெர்லின் வரையறைப்படி, காரணமான நோயோ காயமோ வந்து, அல்லது மூச்சுத் தொல்லை தொடங்கி, ஒரு வாரத்துக்குள் பாதிப்பு வந்திருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் அந்த வெள்ளை நிழல் இரு பக்கமும் இருக்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்திருக்க வேண்டும். இதயம் மட்டுமே அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. சரி, ஆனால் இதெல்லாம் வெளித்தோற்றம். திசுவுக்குள் என்ன நடக்கிறது என்று இந்த வரையறை சொல்வதில்லை. இந்த வரையறைக்குள் வந்து இறந்தவர்களின் நுரையீரலைச் சோதித்தபோது, நாங்கள் எதிர்பார்க்கும் காற்றறைச் சேதம் (நுரையீரலின் நுண்ணிய காற்றுப் பைகள் பரவலாகக் கெடுவது) ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் இருந்தது.

மற்றவர்களுக்கு என்ன? சிலருக்குப் பூஞ்சைத் தொற்று, சிலருக்குக் காற்றறைக்குள் ரத்தக்கசிவு. இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் போன்ற மருந்தே நுரையீரலைக் கெடுத்திருக்கலாம். நிணநீர்ப் பாதை வழியே பரவிய புற்றுநோயாகவும் இருக்கலாம். ஈசினோஃபில் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்கள் நிரம்பிய நிமோனியாவும் உண்டு. ஸ்டீராய்டு கொடுத்தால் ஓரிரு நாளிலேயே மூச்சு தேறிவிடும். பூஞ்சை இருப்பவருக்கு அதே ஸ்டீராய்டைக் கொடுத்தால் நோய் முற்றிவிடக்கூடும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான்.

உடனே அறுவைக்குப் போவதில்லை. முதலில் சிடி ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள், அவர் சாப்பிட்ட மருந்துகளின் முழுப் பட்டியல். அப்புறம் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுக் கழுவி எடுக்கும் நீர். இவ்வளவிலும் விடை வராமல், கொடுக்கும் சிகிச்சைக்கும் நோய் இறங்காதபோதுதான் பயாப்சி.

கேமரா வைத்துச் செய்யும் முறையில் பொதுவாக ஒரு நுரையீரலைச் சுருக்கி வைக்க வேண்டும். ஆக்சிஜனுக்கே திண்டாடுபவர் அதைத் தாங்குவது கடினம். அதனால் விலா எலும்புகளுக்கு நடுவே சிறிய வெட்டுப் போட்டு எடுப்பார்கள். நோயாளியை நகர்த்த முடியாவிட்டால் படுக்கையிலேயே செய்வதும் உண்டு. எடுத்த திசு முழுவதையும், அது கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிடக் கூடாது. அதில் போட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு பகுதி அப்படியே நுண்ணுயிர் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். சின்ன விஷயம்தான், தவறினால் அத்தனை சிரமமும் பாதி வீண்.

ஆபத்தை மறைக்க மாட்டேன். ரத்தக்கசிவு, தொற்று, எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்றுக் கசிவு. வென்டிலேட்டர் அழுத்தத்தோடு காற்றைத் தள்ளுவதால் வெட்டிய இடம் ஆறத் தாமதமாகும். மார்பில் வைத்த குழாய் பல நாள் இருக்க நேரிடும். ரத்தம் உறையாதவர்களுக்கும், மற்ற உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து வருபவர்களுக்கும் இதைச் செய்யத் தயங்குவோம்.

ஆனால் தயங்கித் தயங்கிக் கடைசி நாளில் செய்வதும் தவறு என்பது என் கருத்து. அதற்குள் நுரையீரல் தழும்பாகி இறுகிவிட்டால், விடை கிடைத்தும் மருந்துக்கு வேலை இருக்காது. எனவே மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இதன் முடிவு வந்தால் சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள்?" தெளிவான பதில் இருந்தால் சம்மதிப்பதைப் பற்றி யோசியுங்கள். பதில் இல்லையென்றால் நானே வேண்டாம் என்பேன்.

மாற்றம் என்பது புது மருந்து சேர்ப்பது மட்டுமல்ல. தொற்றே இல்லை என்று தெரிந்தால், அடுக்கடுக்காகப் போய்க்கொண்டிருக்கும் ஆன்டிபயாடிக்குகளை நிறுத்தலாம். திரும்ப முடியாத நிலை என்று திசு சொன்னால், ஊகத்தை வைத்துப் பேசாமல், குடும்பத்தோடு உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி பேசலாம்.

நன்றி, வணக்கம்.