பிரெண்டா சுரங்கத்தின் பாறையும் அதைத் தேடியவர்களும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

கனடாவின் மேற்குக் கோடியில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒகனாகன் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. நீண்ட ஏரியும் பழத்தோட்டங்களும் திராட்சைத் தோட்டங்களும் நிறைந்த பகுதி அது. ஏரியின் மேற்குக் கரையில் பீச்லேண்ட் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து வடமேற்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், காடு சூழ்ந்த மேட்டுநிலத்தில், செம்பும், எஃகில் சேர்க்கப்படும் உலோகமான மாலிப்டினமும் எடுத்த பிரெண்டா என்னும் சுரங்கம் 1970 முதல் 1990 வரை இயங்கியது. இன்று அங்கே எஞ்சியிருப்பவை ஒரு பெரிய திறந்தவெளிக் குழி, கழிவுப் பாறைக் குவியல்கள், அரைத்த கழிவைத் தேக்கிய ஓர் அணை, ஒரு நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஆகியவையே. சுரங்கம் மூடப்பட்ட அதே 1990-இல்தான் அதன் அருகே புதிய நெடுஞ்சாலையும் திறக்கப்பட்டது. அவ்வழியே செல்லும் பயணிகளுக்கு அது மலைச்சரிவில் வெட்டப்பட்ட ஒரு பள்ளமாக மட்டுமே தெரியும். எனக்கோ, பூமிக்குள் உலோகம் எவ்வாறு சேர்கிறது, மனிதர் அதை எவ்வாறு கண்டறிகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் ஒருசேரக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் குறைவு.

முதலில் ஓர் அளவை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இருபது ஆண்டுகளில் இந்தச் சுரங்கம் ஏறத்தாழ 18 கோடி டன் பாறையை அரைத்து, 2,78,000 டன் செம்பையும் 66,000 டன் மாலிப்டினத்தையும் கொடுத்தது. கூடவே சிறிதளவு வெள்ளியும் தங்கமும் கிடைத்தன. வகுத்துப் பார்த்தால், ஒரு டன் பாறையிலிருந்து கிடைத்த செம்பு ஒன்றரைக் கிலோ; மாலிப்டினம் அரைக் கிலோவுக்கும் குறைவு. ஆயிரம் கிலோ பாறையைத் தகர்த்து, சுமந்து, மாவாக அரைத்து, அதிலிருந்து இரண்டு கிலோ உலோகத்தைக் கூட எட்டாத அளவைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். தன் காலத்தில் உலகில் இயங்கிய செம்புச் சுரங்கங்களுள் மிகக் குறைந்த தரமுடையவற்றில் ஒன்றாக பிரெண்டா பெயர் பெற்றது இதனால்தான்.

இந்தப் பாறை பிறந்த கதைக்கு இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னே செல்ல வேண்டும். அன்று அப்பகுதி வட அமெரிக்கக் கண்டத்தின் உட்பகுதி அன்று. கடலில் நின்ற ஓர் எரிமலைத் தீவு வரிசை. ஒரு கடல்தட்டு மற்றொன்றின் கீழே அமிழும் இடங்களிலெல்லாம் அத்தகைய எரிமலைகள் எழுகின்றன. அவை கக்கிய எரிமலைக் குழம்பும் சாம்பலும், அவற்றினிடையே படிந்த வண்டலும் சேர்ந்து உருவான டிரையாசிக் காலப் பாறைத் தொகுதியை நிக்கோலா தொகுதி என்று அழைக்கிறார்கள். பிறகு, ஜுராசிக் காலத்தில், அந்தத் தீவு வரிசை கண்டத்தோடு ஒட்டிக்கொண்டது. அக்காலத்திலேயே நிக்கோலா பாறைகளை ஊடுருவிக்கொண்டு கீழிருந்து பாறைக்குழம்பு எழுந்தது. மேற்பரப்பை எட்டாமல் ஆழத்திலேயே மெல்ல மெல்லக் குளிர்ந்த அந்தக் குழம்பு, கருமையும் வெண்மையும் புள்ளிகளாகக் கலந்த குவார்ட்ஸ் டயோரைட் என்னும் பாறையாயிற்று. நாம் பேசும் தாது முழுவதும் அந்தப் பாறைக்குள்ளேயே, பழைய எரிமலைப் பாறைகளோடு அது தொடும் மேற்கு எல்லைக்கு அருகில், அமைந்திருக்கிறது.

செம்பும் மாலிப்டினமும் ஏன் ஒன்றாக வந்தன? பாறைக்குழம்பு குளிரும்போது அதிலிருந்து படிகங்கள் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன. நீர், குளோரின், கந்தகம் போன்றவையும், படிகங்களுக்குள் எளிதில் இடம் பெறாத மாலிப்டினம் போன்ற உலோகங்களும் எஞ்சிய குழம்பில் மேலும் மேலும் செறிகின்றன. ஒரு கட்டத்தில் குழம்பு அந்த நீரைத் தன்னுள் வைத்திருக்க இயலாமல் வெளியேற்றுகிறது. பல நூறு பாகை வெப்பமும் கடும் அழுத்தமும் கொண்ட அந்த உப்புநீர் செம்பையும் கரைத்து ஏந்திக்கொண்டு, மேலே ஏற்கெனவே இறுகிவிட்ட பாறையைப் பிளந்து ஏறுகிறது. ஏறும் வழியில் குளிர்கிறது. குளிர்ந்ததும் சுமையை இறக்குகிறது. செம்பு, இரும்பு, கந்தகம் மூன்றும் சேர்ந்து சால்கோபைரைட்டாகப் படிகின்றன. மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்து மாலிப்டினைட்டாகப் படிகின்றன. பாறை ஒரு முறை மட்டும் பிளப்பதில்லை. பிளப்பதும் நிரம்புவதும் மீண்டும் பிளப்பதுமாகப் பல கட்டங்களில் இது நிகழ்கிறது. இவ்வாறு கனிமம் நிரம்பிய விரிசலை நரம்பு என்கிறோம். பிரெண்டாவில் ஒரு நரம்பை இன்னொரு நரம்பு வெட்டிச் செல்வதைக் கொண்டே எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்தியிருக்கிறார்கள்.

இங்கே பிரெண்டாவுக்கே உரிய ஓர் இயல்பைச் சொல்ல வேண்டும். இவ்வகைப் படிவுகள் பலவற்றில் தாதுக் கனிமங்கள் பாறை முழுவதும் சிறு மணிகளாகப் பரவியிருக்கும். பாறையே வெந்து நிறம் மாறிக் கிடக்கும். பிரெண்டாவில் அப்படியில்லை. ஏறத்தாழ எல்லா உலோகமும் நரம்புகளிலும் விரிசல்களிலும் இருக்கிறது. நரம்பின் இருபுறமும் குறுகிய ஓரத்தில் மட்டும் பாறை மாறியிருக்கும். அதைத் தாண்டினால் புதிதாக உறைந்தது போலத் தெளிவான, மாசற்ற டயோரைட். ஆகவே ஓரிடத்தின் தரத்தைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: ஒரு மீட்டர் பாறையில் எத்தனை விரிசல்கள், அவை எவ்வளவு தடிப்பு, அவற்றுள் நிரம்பியிருப்பது எது. விரிசல்கள் நெருங்கினால் அது தாது. அவை விலகினால் வெறும் கல். இதை மறந்துவிடாதீர்கள், சற்று நேரத்தில் மீண்டும் இதற்குத்தான் வரப்போகிறேன்.

இனி, தேடியவர்களின் கதை. 1930-களிலேயே அந்த மேட்டுநிலத்தில் கனிமம் தேடிகள் செம்பின் அடையாளங்களைக் கண்டிருந்தார்கள். அக்காலத்தவர் நாடியது கையகலத் தடிப்புள்ள, வளமான நரம்பை. மயிரிழை போன்ற ஆயிரம் நரம்புகள் அவர்களுக்கு ஏமாற்றமாகவே தோன்றியிருக்கும். 1950-களின் நடுவில், கனிம உரிமை கோரும் அடையாளமாக, மீண்டும் உரிமைக்கல் நடப்பட்டது. ஒரு பெரிய நிறுவனத்தின் தேடற்பிரிவு வந்து நிலவரைபடம் வரைந்து, மண்ணைச் சோதித்து, துளையிட்டும் பார்த்துவிட்டு, தன் உரிமையைக் கைவிட்டுச் சென்றது. பனியுகத்தில் பனிப்பாறைகள் அந்நிலத்தின் மீது ஊர்ந்து, பாறையின் மேற்பரப்பைச் சுரண்டி, மேலே மண்ணையும் கல்லையும் பரப்பிவிட்டுச் சென்றிருந்தன. வறண்ட நாடுகளின் செம்புப் படிவுகள் சிலவற்றில், மழைநீர் மேலிருந்து செம்பைக் கரைத்துக் கீழே சேர்த்துவைத்த வளமான அடுக்கு ஒன்று இருக்கும். சுரங்கம் தொடங்கிய முதல் ஆண்டுகளில் கடனை அடைக்க அது கைகொடுக்கும். பிரெண்டாவில் அத்தகைய கொடை ஏதும் இல்லை.

1960-களின் நடுவில் பெர்னார்ட் பிரைனல்சன் என்பவரின் முயற்சியில் பிரெண்டா மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. நொராண்டா என்னும் கனடியச் சுரங்க நிறுவனமும் ஜப்பானியப் பங்காளிகளும் துணை நின்றார்கள். பாறை மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். மாறியவை வேறு: பெருங்கொள்ளளவு கொண்ட மண்வாரிகளும் லாரிகளும் வந்துவிட்டன, நாளொன்றுக்கு இருபதாயிரம் டன்னுக்கு மேல் அரைக்கும் ஆலை சாத்தியமாயிற்று, எஃகை வலுப்படுத்தும் மாலிப்டினம், எடைக்கு எடை செம்பைவிட விலை மிகுந்திருந்தது. செம்பை மட்டும் கணக்கிட்டால் தேறாத பாறை, இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டபோது தேறியது.

ஆனால் அந்தக் கணக்கை நம்புவது எப்படி? பல ஆண்டுகளாக நான் மாணவர்களிடமும் நண்பர்களிடமும் வலியுறுத்திவரும் பொருள் இதுதான். இன்றும் சற்று விரிவாகவே சொல்ல அனுமதியுங்கள். நிலத்தடியில் உள்ளதை அறிய, வைரம் பதித்த வளைய முனையைச் சுழற்றித் துளையிட்டு, உருளை வடிவப் பாறைத் துண்டுகளை மேலே எடுப்பார்கள். முனை சூடேறாமலிருக்கத் துளைக்குள் தண்ணீரைச் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். இப்போது மாலிப்டினைட்டின் இயல்பை எண்ணிப் பாருங்கள். அது பென்சிலின் கரிமுனை போல மென்மையானது; தாளில் தேய்த்தால் கோடு விழும்; விரலில் ஒட்டும்; செதில் செதிலாக உரியும். அது இருப்பதோ விரிசல்களில். பாறை உருளை உடைவதும் அந்த விரிசல்களில்தான். உடைந்த முகங்கள் ஒன்றோடொன்று உரசிச் சுழல, மாலிப்டினைட் செதில்கள் தேய்ந்து தண்ணீரோடு போய்விடுகின்றன. மேலே வந்து சேரும் உருளையில் நல்ல கெட்டிப் பாறை முழுமையாக இருக்கும். நாம் தேடிய கனிமம் மட்டும் குறைந்திருக்கும். வேதியியல் ஆய்வுக்கூடம் எவ்வளவு நேர்மையாக அளந்தாலும், அளப்பதற்கு வந்த பொருளே குறைபட்டது.

வளமான தாதுவில் இந்தப் பிழை பொருட்டன்று. ஐந்து விழுக்காடு செம்புள்ள நரம்பில் நூறில் ஒரு பங்கு விழுக்காடு தவறினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் மாலிப்டினம் 0.05 விழுக்காடே இருக்கும் படிவில் அதே 0.01 தவறினால், அந்த உலோகத்தின் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள்; சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்ற முடிவே தலைகீழாகிவிடும். இடித்து இடித்துத் தூளாக மேலே கொணரும் வேறு வகைத் துளையிடலில் இதற்கு நேர்மாறான பிழையும் நேரலாம். துளையின் சுவரிலிருந்து உதிர்வது மாதிரியில் கலந்து தரத்தை உயர்த்திக் காட்டலாம். தரம் குறையக் குறைய, அளவிடும் கை நுணுக்கமாக வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், சுரங்கத் தொழிலின் பெருந்தோல்விகள் பல பாறையில் தொடங்கவில்லை, மாதிரியில் தொடங்கின என்பதே.

இதற்குள்ள மருந்து செலவு மிக்கது, ஆனால் எளியது. மலைக்குள் சுரங்கப்பாதை தோண்டி, டன் கணக்கில் பாறையை வெளியே கொணர்ந்து, ஒரு சிறு சோதனை ஆலையில் அரைத்து, உண்மையில் எவ்வளவு உலோகம் கிடைக்கிறது என்று பார்ப்பது. பிரெண்டாவிலும் அவ்வாறே நிலத்தடியிலிருந்து பெருமாதிரி எடுத்துச் சோதனை ஆலையில் அரைத்துப் பார்த்த பிறகே பெருமுதலீட்டைத் துணிந்தார்கள். இத்தகைய சோதனை தரத்தை மட்டும் சொல்வதன்று. இங்கே கனிமங்கள் போதிய அளவு பெருமணிகளாக இருந்தன. இரும்புக் கந்தகமான பைரைட் மிகக் குறைவு. அதனால், அரைத்த பாறையை நீரில் கலக்கி, கனிமத் துகள்களைக் காற்றுக் குமிழிகளில் ஒட்டவைத்து மேலே எடுக்கும் நுரை மிதப்பு முறையில் செம்பையும் மாலிப்டினத்தையும் முதலில் ஒன்றாக மிதக்கவைத்து, பிறகு வேதிப்பொருள் சேர்த்து செம்புக் கனிமத்தை அமிழ்த்தி, மாலிப்டினைட்டைத் தனியே எடுக்க முடிந்தது. வீட்டு மின்கம்பி முதல் வெப்பம் தாங்கும் எஃகுக் குழாய் வரை நாம் அன்றாடம் நம்பியிருக்கும் பொருள்களுக்கான செம்பிலும் மாலிப்டினத்திலும் பெரும்பங்கு, இத்தகைய மெலிந்த பாறைகளிலிருந்தே பெறப்படுகிறது.

மாலிப்டினைட்டைப் பற்றி இன்னொன்று. ரீனியம் என்னும் அரிய உலோகம் அதனுள் சிறிதளவு குடியிருக்கும். அதன் ஒரு வகை அணு மிக மிக மெதுவாக ஆஸ்மியமாக மாறுகிறது. இரண்டின் விகிதத்தை அளந்தால் அந்த மாலிப்டினைட் படிந்த காலத்தையே அறியலாம். சுற்றியுள்ள பாறை உறைந்த காலம் வேறு, தாது வந்த காலம் வேறு. இந்தக் கனிமம் தன் வருகைக் காலத்தைத் தானே சுமந்துகொண்டிருக்கிறது. பிரெண்டா தேடப்பட்ட நாளில் இந்த முறை புழக்கத்தில் இல்லை.

நிலையத்தார் நேரம் நெருங்குவதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். நீரைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சுரங்க நீர் என்றாலே அமிலம் என்று பலரும் எண்ணுவார்கள். பிரெண்டாவில் பைரைட் குறைவாதலால் அந்தத் தொல்லை பெரிதாக எழவில்லை. ஆனால் அமிலமற்ற நீரில் செம்பு எளிதில் கரையாமல் படிந்துவிட, மாலிப்டினமோ மாலிப்டேட்டாக மாறிக் கரைந்து நீரோடு பயணம் செய்கிறது. அந்த நீர் ட்ரெப்பனியர் ஓடை வழியாக ஒகனாகன் ஏரியை நோக்கிச் செல்கிறது. வழியில் பாசனத்துக்கும் பயன்படுகிறது. மாலிப்டினம் மிகுந்த புல்லைத் தின்னும் மாடுகளின் வயிற்றில், அது கந்தகத்தோடு சேர்ந்து செம்பைப் பற்றிக்கொள்கிறது. உடலுக்குத் தேவையான செம்பு கிடைக்காமல் விலங்கு நலிகிறது. பாறையில் ஒன்றாக வந்த இரண்டு உலோகங்கள், மாட்டின் வயிற்றில் ஒன்றையொன்று முடக்குகின்றன. 1998 முதல் அங்கே ஒரு சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது: நீரில் இரும்பு உப்பைச் சேர்த்து, அமிலத்தன்மையைச் சீர்செய்தால், உருவாகும் இரும்பு ஹைட்ராக்சைடு மாலிப்டேட்டைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு கீழே படிகிறது, தெளிந்த நீரை வடிகட்டி ஓடைக்கு விடுகிறார்கள். தாது எடுத்தது இருபது ஆண்டுகள். நீரைச் சுத்தப்படுத்தும் காலம் அதை எப்போதோ கடந்துவிட்டது. நொராண்டாவின் பெயர் மறைந்து, கைமாறிக் கைமாறி இன்று கிளென்கோர் நிறுவனத்திடம் வந்து சேர்ந்திருக்கும் அந்தப் பொறுப்புக்கு இறுதி நாள் குறிக்கப்படவில்லை. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.