தொழிற்புரட்சியைத் தொடங்கிவைத்தவர் ஜேம்ஸ் வாட்டா?

வணக்கம். சென்ற காணொளியைப் பார்த்த நேயர் ஒருவர், "ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் தொழிற்புரட்சியே வந்திருக்காதா?" என்று கேட்டிருக்கிறார். பள்ளிப் பாடத்தில் படித்ததை வைத்துக் கேட்கிறார். அந்தப் பாடத்தையே சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது.

வாட் பிறந்தது 1736-இல். அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1712-இல், தாமஸ் நியூகோமன் அமைத்த நீராவி இயந்திரம் இங்கிலாந்தின் டட்லி அருகே நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் தேங்கிய நீரை இறைத்துக்கொண்டிருந்தது. உருளைக்குள் நீராவியை நிரப்பிக் குளிர்நீரைப் பீய்ச்சினால், நீராவி சுருங்கி வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ள, நம் ஊர் ஏற்றத்தைப் போலவே, பிஸ்டனோடு பிணைத்த உத்தரத்தின் மறுமுனை மேலெழுந்து நீரை இறைக்கும். ஒவ்வொரு முறையும் உருளை குளிர்ந்து மீண்டும் சூடாக வேண்டியிருந்ததால் இயந்திரம் கரியை வாரி விழுங்கியது. ஆனாலும் சுரங்க வாயிலில் கரி மலிவு என்பதால் அந்த விரயம் உறைக்கவில்லை. கரியை வெகுதொலைவிலிருந்து சுமந்துவர வேண்டிய நாடாக இருந்திருந்தால் இது இவ்வளவு பரவியிருக்காது என்றே நான் கருதுகிறேன்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த நியூகோமன் இயந்திரத்தின் சிறு மாதிரியொன்றைப் பழுதுபார்க்கும்போதுதான் வாட் இந்த விரயத்தைக் கவனித்தார். நீராவியைத் தனிக்கலம் ஒன்றில் குளிரவைக்கும் முறைக்கு 1769-இல் காப்புரிமை பெற்றார்.

பருத்தித் தொழிலின் கதையோ வேறு. சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் சென்ற அச்சுத்துணிகளை ஆங்கிலேயர் விரும்பி உடுத்தியதால், உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழ, 1721-இல் சட்டமே போட்டு அத்துணிகளை உடுத்தத் தடைவிதித்தார்கள். ஆசை மட்டும் அடங்கவில்லை; உள்ளூரிலேயே அதைப் போன்ற துணியை நெய்ய முனைந்தார்கள். 1733-இல் ஜான் கே உருவாக்கிய விசைநாடா (தறியில் ஊடைநூலைக் குறுக்கே விரைவாக ஓட்டும் கருவி) நெசவை விரைவுபடுத்த, நூலுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதைத் தீர்க்க வந்தவையே ஒரே நேரத்தில் பல இழைகளை நூற்கும் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி என்ற பொறியும் ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரமும். 1771-இல் கிராம்ஃபோர்டில் தொடங்கிய ஆர்க்ரைட்டின் நூற்பாலையை ஓட்டியது நீராவி அன்று, தண்ணீர்ச் சக்கரம்.

1780-களில் வாட்டின் இயந்திரம் சக்கரத்தைச் சுழற்றக் கற்ற பிறகே, ஆற்றங்கரையை நம்பியிருந்த ஆலைகள் மான்செஸ்டர் போன்ற நகரங்களில் குவியத் தொடங்கின. அங்கே, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் அடியில் தவழ்ந்து, உதிர்ந்த பஞ்சைப் பொறுக்கியவர்கள் சிறு பிள்ளைகள். அந்த இடுக்கில் நுழைய அவர்களால்தான் முடியும். பட்டாலைகள் நீங்கலாக, நூற்பு, நெசவு ஆலைகளில் 9 வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1833-இல் சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்த நாடு முழுமைக்கும் நியமிக்கப்பட்ட ஆய்வாளர்கள் நான்கே பேர்.