தீவாகிப் போன தீபகற்பம்

நேயர்களுக்கு வணக்கம்.

1642-ல் டச்சு மாலுமி ஆபெல் டாஸ்மான் நியூசிலாந்தின் மேற்குக் கரையை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பின்னால் பெரிய கண்டமே இருக்கலாம் என்று ஐரோப்பாவில் நூறு வருடத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார்கள். 1769 அக்டோபரில் 'எண்டெவர்' கப்பலில் வந்த ஜேம்ஸ் குக், ஆறே மாதத்தில் சுமார் 3,800 கிலோமீட்டர் கரையைச் சுற்றி வரைந்து அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தார்.

இறங்கி அளக்க நேரம் ஏது? ஓடுகிற கப்பலிலிருந்தே வேலை நடந்தது. கரையில் ஒரு முனை எந்தத் திசையில் தெரிகிறது என்று திசைகாட்டியில் பார்த்துக் குறிப்பார்கள். சில மைல் போனதும் அதே முனையை மறுபடி பார்ப்பார்கள். தாளில் இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் முனை. இடையில் ஓடிய தூரத்துக்கு, முடிச்சுப் போட்ட கயிற்றைக் கடலில் விட்டு வேகம் பார்த்தார்கள். ஆழம் பார்க்க ஈயக்குண்டு. அதன் அடியில் கொழுப்பு தடவியிருக்கும்; தரை மணலா சிப்பியா என்று ஒட்டி வருவதைப் பார்த்தே சொல்லிவிடலாம். தீர்க்கரேகைக்கு நம்பகமான கடிகாரம் கிடையாது. வானியலாளர் சார்ல்ஸ் கிரீன் நிலவை அளந்து கணக்குப் போட்டார்.

அந்த மண்ணின் மக்களான மாவோரிகளோடு பேச முடிந்தது, பசிபிக் தீவான டஹீட்டியிலிருந்து கப்பலில் கூட வந்த துப்பாயாவால்தான்; அவர் பேச்சு அவர்களுக்குப் புரிந்தது. அவர் இருந்தும் முதல் சில நாட்களிலேயே மாவோரிகள் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைச் சொல்லாமல் வரைபடத்தை மட்டும் மெச்ச எனக்கு மனம் வரவில்லை.

நமக்குப் பக்கத்துச் சேதி ஒன்றும் உண்டு. அந்த ஆண்டு ஜூனில் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய சுர்வீல் என்ற மாலுமியின் பிரெஞ்சுக் கப்பல், டிசம்பர் புயலில் நியூசிலாந்தின் வடக்கு நுனிக்கு அருகே குக்கின் கப்பலைக் கடந்து போனது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

நியூசிலாந்தின் இரண்டு பெரிய தீவுகளில் குக் தவறியது தெற்குத் தீவில்தான். கிழக்குக் கரையில் மலைகள் தெரிந்தன. அவற்றின் பின்னே இருந்த தாழ்ந்த சமவெளி கடலிலிருந்து தெரியவில்லை. 'பேங்க்ஸ் தீவு' என்று எழுதிவிட்டார்; அது நிலத்தோடு ஒட்டிய தீபகற்பம். தெற்கே உண்மையிலேயே தீவாக இருக்கிற ஸ்டீவர்ட் தீவையோ நிலத்தோடு ஒட்டியதாக நினைத்தார். ஆனால், வடக்குத் தீவின் உருவத்தில் பெரிய மாற்றம் வராது, தெற்கில் காற்றும் அவகாசமும் ஒத்துழைக்கவில்லை, இன்ன இடங்களில் சந்தேகம் என்று நாட்குறிப்பில் அவரே பிரித்து எழுதினார். அவர் மேல் எனக்கு மதிப்பு வந்தது இங்கேதான். பின்னால் வருகிற மாலுமி எங்கே உஷாராக இருக்கவேண்டும் என்று தெரிந்துகொள்ளலாமே.

எல்லாரும் நாட்குறிப்பைப் படித்தா கப்பல் ஓட்டினார்கள்? 1809-ல் 'பெகாசஸ்' கப்பல் அந்தத் 'தீவு'க்கும் நிலத்துக்கும் நடுவே புகுந்து போகப் பார்த்தது. வழி இல்லை.