கடைக்காரரின் பேரேட்டில் பருத்தி வெள்ளாமை

நேயர்களுக்கு வணக்கம். உள்நாட்டுப் போர் முடிந்த 1865-க்குப் பிறகு, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தி பயிரிட்ட வாரக் குடியானவர்களை, அதாவது விளைச்சலில் பங்கு கொடுக்கும் ஏற்பாட்டில் பிறர் நிலத்தை உழுதவர்களைப் பற்றி இன்று பேசுகிறேன்.

அந்த ஆண்டு ஜனவரியில், தென் கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடா கடலோர நிலங்களை, அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கும்படி வட மாநிலப் படைத் தளபதி ஷெர்மன் ஆணையிட்டார். ஆண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த ஏற்பாட்டை மாற்றி, நிலத்தில் பெரும்பகுதி பழைய உடைமையாளர்களிடமே திரும்பிச் செல்ல வழி செய்தார். பின்னால் வந்த துன்பங்களுக்கெல்லாம் வேர் இதுவே என்று நான் கருதுகிறேன்.

நிலமில்லாதவர்கள் வாரத்துக்கு உழுதார்கள். நிலம், குடிசை, கோவேறு கழுதை, கலப்பை, விதை எல்லாம் நிலக்கிழாருடையவை; விளைச்சல் பெரும்பாலும் பாதிக்குப் பாதி. ஏப்ரலில் விதைத்துப் பயிர் முளைத்ததும், பெண்களும் பிள்ளைகளும் இறங்கி, நெருங்கி நிற்கும் செடிகளைக் கலைத்துக் களை கொத்துவார்கள். ஆகஸ்ட் இறுதியில் காய் வெடிக்கத் தொடங்கினால் டிசம்பர் வரை பருத்தி எடுப்புதான். காய்ந்த காய்த்தோட்டின் கூரிய முனைகள் விரல்களைக் கிழிக்க, தோளில் மாட்டிய நீண்ட சாக்கை இழுத்தபடி குனிந்தே நகர்வார்கள். சுமார் 1,500 ராத்தல் (பவுண்டு) கொட்டைப் பருத்தியை அரைத்தால்தான் 500 ராத்தல் பஞ்சுள்ள ஒரு பொதி தேறும்.

அதுவரை வயிற்றுப்பாட்டுக்கு வேண்டிய மக்காச்சோள மாவும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் கடைக்காரரிடம் கடனில்தான் வந்தன. ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு அதைவிடக் கூடுதல் விலை. விளையப்போகும் பயிரையே அவர் ஈடாக எழுதி வாங்கிக்கொண்டார். சட்டமும் அதற்கு இடமளித்தது. எளிதில் விற்கக்கூடியது பருத்தி என்பதால் அதையே போடச் சொன்னார். ஊரெல்லாம் பருத்தி போட, விலை சரிந்தது. ராத்தல் 10 சென்டுக்கு விற்றால் ஒரு பொதிக்கு 50 டாலர், குடியானவர் பங்கு 25 டாலர். 1894-இல் விலை 5 சென்டுக்கும் கீழே இறங்கியபோது அந்தப் பங்கு 12.50 டாலர்கூடத் தேறவில்லை.

கணக்கு முடிக்கும்போது பேரேடு கடைக்காரர் கையில் இருந்தது. அடிமைக் காலத்தில் கறுப்பினத்தவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதையே பல தென் மாநிலங்கள் குற்றமாக்கியிருந்ததால், எழுதியது சரியா என்று பலரால் பார்க்க முடியவில்லை. தட்டிக் கேட்ட கறுப்பினத்தவருக்கு உயிராபத்தும் இருந்தது.

கடனில் நிலத்தை இழந்த வெள்ளைச் சிறு விவசாயிகள் ஏராளமானோரும் இதே நிலைக்கு வந்தார்கள். டெக்சாஸில் தொடங்கிய ‘விவசாயிகள் கூட்டணி’ என்ற அமைப்பு கறுப்பினத்தவரைச் சேர்க்காததால், அவர்கள் 1886-இல் தனிக் கூட்டணி அமைத்தார்கள். அரசே கிடங்கு கட்டி, விளைபொருளை ஈடாக ஏற்று, அதன் மதிப்பில் 80 சதவீதம் வரை குறைந்த வட்டியில் கடன் தர வேண்டும் என்று 1889-இல் விவசாயிகள் கூட்டணி கோரியது. அமெரிக்கக் காங்கிரஸ் அதை நிறைவேற்றவில்லை. பயிரை ஈடு வைக்கும் கடன்முறை 20-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.